உளுப்பு எதிர்ப்புக் கம்பெனி

மரத்தை உளுக்காமல் காப்பாற்றப் புறப்பட்டுச் சரித்திரத்தில் இடம்பிடித்தவர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. அவர்களில் ஆசாரி என்று ஒருத்தர்கூடக் கிடையாது. காடி காய்ச்சும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஒருவர், கடற்படை டாக்டர் ஒருவர், வக்கீல் ஒருவர், பிரெஞ்சு வைத்தியர் ஒருவர். ஆசாரிகள் ஏன் ஒதுங்கி நின்றார்கள் என்று யோசித்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நிலைக்கதவு உளுத்தால்தானே ஆள் அனுப்புவீர்கள்?

நம்மூரில் இந்தக் கவலை அவ்வளவாக எழவில்லை. தேக்கும் வேங்கையும் கருங்காலியும் கிடைக்கிற ஊரில் மரமே தன்னைப் பார்த்துக்கொள்ளும். வயசாக ஆக நடுக்கட்டையில் எண்ணெய், பிசின், கசப்பு என்று ஏதேதோ சேர்த்துவைத்து வைரம் பாய்ந்துவிடும். கரையான் வந்து ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பைன், ஃபர், ஸ்புரூஸ் முதலிய ஊசியிலை மென்மரங்களுக்கு அந்த ரோஷமெல்லாம் போதாது. நெட்டுக்குத்தாக வளரும், ரம்பத்துக்கு மறுப்புச் சொல்லாது, விலையும் மலிவு. ஆனால் அவசரமாக வளர்த்து அவசரமாக வெட்டிய மரத்தில் வைரம் பாயாத வெள்ளைப் பகுதிதான் அதிகம். அதில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே தங்கிவிட்டால் பூஞ்சைக்கு வேறு அழைப்பிதழ் தேவையில்லை.

அந்தப் பூஞ்சை வேலை செய்யும் அழகைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். முதலில் பலகையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு படரும். பிறகு மரம் காப்பிப்பொடி நிறத்துக்கு மாறும். குறுக்கிலும் நெடுக்கிலும் வெடித்துச் சின்னச் சின்னக் கட்டங்களாகும். விரலால் அழுத்தினால் பொடியாக உதிரும். மேல்பூச்சு மட்டும் கடைசிவரை பளபளவென்று நிற்கும். இங்கிலாந்து வீடுகளில் நடமாடும் ஒரு ரகம், இந்த விட்டத்தைத் தின்று முடித்ததும் செங்கல் சுவருக்குள் புகுந்து, தனக்கு வேண்டிய தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு, அடுத்த அறையில் இருக்கும் விட்டத்தைத் தேடிப் போகும். வாடகை தராத குடித்தனக்காரர்களில் இவ்வளவு உழைப்பாளியைப் பார்க்க முடியாது.

இதற்கு முதல் வைத்தியம் நோவா காலத்திலேயே நடந்தது. அவருக்கு வடிவமைப்பு மேலிடத்திலிருந்தே வந்தது: கொப்பேர் மரம், உள்ளே கீல், வெளியே கீல். அந்த மரம் ஊசியிலைச் சாதியான சைப்ரஸ்தான் என்று சொல்பவர்கள் உண்டு. உத்தரவாதக் காலம் ஏறக்குறைய ஒரு வருஷம், வெள்ளம் வடியும்வரை. அது போதுமானதாக இருந்தது. அந்தப் பேழையைத் தேடி இன்றும் ஆட்கள் அராரத் மலை ஏறுகிறார்கள். உளுத்துப் போயிருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் அவர்களில் ஒருவருக்கும் வருவதில்லை.

நோவாவுக்குப் பிறகு கப்பல் கட்டியவர்களுக்கு மேலிடத்து ஆலோசனை கிடைக்கவில்லை. நெப்போலியனோடு சண்டை நடந்த அவசரத்தில் பிரிட்டிஷ் கடற்படை கைக்குக் கிடைத்த பச்சை மரத்தையெல்லாம் அறுத்துக் கப்பலாக்கியது. 1810-இல் டெப்ட்ஃபோர்டில் தண்ணீரில் இறங்கிய ‘குயீன் ஷார்லட்’ நூறு பீரங்கிக்கு மேல் சுமக்க வேண்டிய முதல்தரப் போர்க்கப்பல். எதிரியைக் கண்ணால் பார்க்கும் முன்பே உளுத்துப்போய்ப் பெரும் பகுதியைப் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. கடற்படை உடனடியாக எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, ஜேம்ஸ் சவர்பி என்ற இயற்கை நூலாரை அழைத்து, கப்பலுக்குள் என்னென்ன காளான் முளைத்திருக்கிறது என்று பட்டியல் போடச் சொன்னது. பிரெஞ்சு ஒற்றன்கூட அந்தக் கப்பலை அவ்வளவு உள்ளே போய்ப் பார்த்திருக்க மாட்டான்.

இந்தச் சூழ்நிலையில்தான் ஜான் ஹோவர்ட் கயன் வருகிறார். 1774-இல் டப்ளினில் பிறந்தவர். அப்பாவுக்கு விக்லோவில் செம்புச் சுரங்கங்கள் இருந்தன. மகனும் சுரங்க முதலாளி ஆகியிருப்பார், ஆனால் 1804-இல் அப்பா போனபோது மகனிடம் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கயன் பிழைப்புக்காகக் காடித் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார், முதலில் நியூகாசிலில், பிறகு லண்டனில். சொத்து போனாலும் சுரங்கத்தில் முட்டுக்கொடுத்த மரங்கள் உளுத்துச் சரிந்த காட்சி மட்டும் மனசில் தங்கிவிட்டது. 1812 முதல் ஒவ்வொரு ரசாயனமாக மரத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் மனசுக்குப் பிடித்தது பாதரசக் குளோரைடு. நம்முடைய சித்த வைத்தியர்கள் வீரம் என்று பெயர் வைத்து, அரிசி எடை பார்த்து, பயந்து பயந்து தொடுகிற அதே பாஷாணம். கயன் அதைத் தொட்டி தொட்டியாகக் கரைத்தார்.

கடற்படைக்கு இதில் நம்பிக்கை வர வேண்டுமே. ஊல்விச் கப்பல் பட்டறையில் காளான் குழி என்று ஒன்று வைத்திருந்தார்கள். உளுத்த மரங்களைப் போட்டு நிரப்பிய பள்ளம். எந்த நல்ல மரத்தை உள்ளே போட்டாலும் கொஞ்ச நாளில் சகவாச தோஷத்தில் கெட்டுப்போகும். 1828-இல் கயனின் மருந்தில் ஊறிய ஓக் கட்டை ஒன்றை அதற்குள் இறக்கினார்கள். மூன்று வருஷம் கழித்து 1831-இல் எடுத்துப் பார்த்தால் போட்டபடியே இருந்தது. 1832-இல் காப்புரிமை கிடைத்தது. 1833 பிப்ரவரியில் மைக்கேல் ஃபாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தனக்குக் கிடைத்த புதிய பேராசிரியர் பதவியின் முதல் சொற்பொழிவுக்கு இதையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். மின்சாரத்தையும் காந்தத்தையும் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த மனுஷன், ஒரு மாலை முழுக்க மரம் உளுப்பதைப் பற்றிப் பேசினார்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? 1836-இல் கயன் தன் உரிமையை உளுப்பு எதிர்ப்புக் கம்பெனிக்கு விற்றார். பெயர் நான் வைத்ததல்ல, நிஜமாகவே அதுதான். இரண்டரை லட்சம் பவுன் மூலதனம் திரட்டப் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. லண்டன் கால்வாய்க் கரைகளில் பிரம்மாண்டமான தொட்டிகள் எழுந்தன. விருந்து நடந்தது. உளுப்பு ஒழிப்பை வாழ்த்தி ஒரு பாட்டுகூடக் கட்டப்பட்டது. பாதரசத் தொட்டியைச் சுற்றி நின்று கோட்டும் தொப்பியுமாகக் கனவான்கள் கோரஸ் பாடியிருப்பார்கள் என்று நினைக்கும்போதே ஒரு தனி சந்தோஷம் வருகிறது.

ஊருக்குத் தெரிய வேண்டும் என்று 1835-இல் ரீஜன்ட்ஸ் பூங்காவின் உள்வட்டச் சாலை வேலிக்கு இந்த மருந்தேற்றிய மரத்தையே போட்டு, ‘கயன் காப்புரிமை’ என்று முத்திரை பொறித்த சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகளையும் அடித்து வைத்தார்கள். வேலி பல காலம் கெடாமல் நின்றது. பித்தளைத் தகடுகள்தான் சீக்கிரமே காணாமல் போய்விட்டன. பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடித்த கம்பெனி, லண்டன்வாசிகளுக்கு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

பிரிட்டிஷ் மியூசியம், டெம்பிள் தேவாலயத்தின் புதுக் கூரை, ராம்ஸ்கேட் துறைமுகம் என்று ஆர்டர் குவிந்தது. அப்போதுதான் ரயில் பாதைகளுக்குக் கல்லுக்குப் பதிலாக மர ஸ்லீப்பர் போடத் தொடங்கியிருந்தார்கள். கம்பெனிக்கு அடித்தது யோகம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்லீப்பர் கட்டையில் இரும்பு ஆணி அடிக்க வேண்டும் என்ற சின்ன விஷயத்தை யோசிக்க மறந்துவிட்டார்கள். பாதரசக் குளோரைடு இரும்பை அரித்துத் தின்றது. மரம் திடகாத்திரமாக இருக்கும், அதைத் தண்டவாளத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய ஆணி இருக்காது. மருந்தும் விலை அதிகம். போட்டிக்காரர்கள் வந்ததும் தொட்டிகள் காலியாயின. கயன் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் போனார். 1850-இல் அங்கே இறந்தபோது அவர் கையில் இருந்த வேலை அந்த நகரத்தின் குடிநீரை வடிகட்டும் திட்டம். ஆயுள் முழுக்கப் பாதரசம் கரைத்தவரைக் குடிதண்ணீருக்குப் பொறுப்பாக்கியவர்களின் துணிச்சலை எப்படிப் பாராட்டுவது!

போட்டிக்காரர்களில் முதலாமவர் வில்லியம் பர்னெட். கடற்படையின் மருத்துவத் துறைக்கே தலைவர். 1838-இல் துத்தநாகக் குளோரைடுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே சரக்கைக் கிருமிநாசினி என்றும் புட்டியில் அடைத்து விற்றார். கப்பல் பலகைக்கும் அதுதான், கப்பல் கக்கூசுக்கும் அதுதான். விலை மலிவு. ஒரே குறை, அது தண்ணீரில் கரைந்து போய்விடும். கப்பலுக்கான மருந்துக்கு இது சிறிய குறைதான் என்று டாக்டர் நினைத்திருக்கலாம்.

பிரான்சில் போர்தோ வைத்தியர் ஒகுஸ்த் பூஷெரி இன்னும் சாமர்த்தியமாக யோசித்தார். செத்த மரத்துக்குள் மருந்தைத் திணிக்க எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? உயிரோடு நிற்கும்போதே அடிமரத்தில் வெட்டி மயில்துத்தக் கரைசலைக் காட்டினால் மரம் தானே உறிஞ்சிக்கொள்ளாதா? உறிஞ்சியது. இலை மூச்சுவிடும் இழுப்பில் விஷம் உச்சிவரை ஏறியது. நோயாளியே மருந்தைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு இறந்துபோகும் வைத்தியமுறை. ஊக்கம் பிறந்து, மரத்துக்குள்ளேயே சாயம் ஏற்றுவதையும் வாசனை ஏற்றுவதையும்கூட முயன்று பார்த்தார். பிறகு வெட்டிய பச்சைக் கட்டையின் அடியில் மூடிபோட்டு, உயரத்துத் தொட்டியிலிருந்து குழாய் இறக்கி, சாறு மறுமுனையில் சொட்டும்வரை துத்தத்தை ஓடவிடும் முறைக்கு மாறினார். ஐரோப்பாவின் தந்திக் கம்பங்கள் பல இந்தச் சிகிச்சையில் நின்றவைதான்.

கடைசியில் ஜெயித்தவர் வக்கீல். ஜான் பெத்தெல். அண்ணன் ரிச்சர்ட் பின்னாளில் இங்கிலாந்தின் லார்ட் சான்சலர் ஆனவர். சட்டக் குடும்பம் என்பது 1838-ஆம் வருஷத்துக் காப்புரிமையைப் பார்த்தாலே தெரியும். ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தால் எதிர்க்கட்சி வக்கீல் ஓட்டை கண்டுபிடிப்பான் என்று பதினெட்டு சரக்குகளையும் கலவைகளையும் அடுக்கிவிட்டார். அதில் ஒன்று நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் எண்ணெய், பின்னாளில் கிரியோசோட் என்று பெயர்பெற்றது. லண்டன் தெருவிளக்குகளுக்கு நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த பிறகு மிஞ்சிய தாரை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த காலம் அது. வக்கீல் அந்தக் கழிவுக்கு ஒரு விலாசம் கொடுத்தார்.

உண்மையான கெட்டிக்காரத்தனம் சரக்கில் இல்லை, செய்முறையில் இருந்தது. மரத்தைத் தொட்டியில் ஊறப்போட்டால் மருந்து தோலோடு நின்றுவிடும். பெத்தெல் பெரிய இரும்பு உருளை ஒன்றுக்குள் கட்டைகளைத் தள்ளுவண்டியோடு உருட்டிவிட்டுக் கதவைத் திருகி அடைத்தார். முதலில் பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றை இழுத்தார். மரத்தின் நுண்ணறைகளில் இருந்த காற்றும் வெளியேறும். அந்த வெற்றிடம் விலகாமலே சூடான எண்ணெயை உள்ளே விட்டு, பிறகு சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அளவில் மணிக்கணக்காக அழுத்தம் கொடுத்தால், வெறும் வயிற்றோடு இருக்கும் மரம் வேறு வழியில்லாமல் குடிக்கும். இன்றைக்கும் உலகத்து மருந்தேற்றும் ஆலைகளில் பலவற்றில் நடப்பது இதே சடங்குதான். பைன் சமர்த்தாகக் குடித்துவிடும். ஸ்புரூஸ் மட்டும் பிடிவாதக்காரி. ஒருதரம் உலர்ந்துவிட்டால் அறைக்கு அறை இருக்கும் சின்னத் துவாரங்களை உள்ளிருந்தே அடைத்துக்கொள்வாள், எவ்வளவு அழுத்தினாலும் ஆழமாக இறங்காது.

எண்ணெய் கறுப்பு, நாற்றம் கண்ணைக் கரிக்கும், வெயிலில் வியர்த்துச் சொட்டும், தொட்ட இடம் எரியும். ஆனால் இரும்பைத் தின்னாது, மழையில் கரையாது. ரயில்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? இந்தியாவில் ரயில் போட வந்தபோது, தேக்கும் சாலும் காடாக நிற்கும் நாட்டுக்கு, பால்டிக் கரைப் பைன் கட்டைகளை இங்கிலாந்தில் தார் எண்ணெய் குடிக்கவைத்து, கப்பலேற்றி, ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு அனுப்பிவைத்தார்கள். தென்னந்தோப்புக்குத் தேங்காய் இறக்குமதி செய்த புண்ணியம் ரயில் கம்பெனிகளுக்கு உண்டு.

அந்தக் கணக்கை நேர் செய்தவர் சோந்தி காமேசன். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஆந்திரக்காரர். இமயமலைப் பைன், சுரங்க முட்டு, கம்பம் என்று மலிவான மரத்தை உழைக்கவைக்க வேண்டிய தேவை அங்கே இருந்தது. 1933-இல் அவர் செய்ததைப் போலீஸ் மூளை என்றுதான் சொல்ல வேண்டும். பூஞ்சைக்குச் செம்பு, கரையானுக்கு ஆர்சனிக். இரண்டும் மழையில் கரைந்து தப்பியோடும் என்பது பழைய தொல்லை. மூன்றாவதாகக் குரோமியத்தைச் சேர்த்தார். மரத்துக்குள் போனதும் குரோமியம் வேதிமாற்றம் அடைந்து, மற்ற இரண்டையும் கரையாத உப்புகளாக்கி மரநாரோடு பிணைத்து உட்காரவைத்துவிடும். நூறு வருஷமாகத் தண்ணீரில் கரைந்து ஓடிக்கொண்டிருந்த குற்றவாளிகளுக்கு விலங்கு போட்டாயிற்று. நாற்றமில்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லை, லேசான பச்சை நிறம், மேலே பெயின்ட்கூட அடிக்கலாம். ‘அஸ்கு’ என்ற பெயரில் அது பரவியது. 1938-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அந்தச் சூத்திரமும் அதன் மாறுபாடுகளும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்து மென்மரத்தை ஆண்டன. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தப்போவதில்லை.

அமெரிக்கர்கள் அந்தப் பச்சை மரத்தின்மேல் கொண்ட காதல் அசாதாரணமானது. கம்பத்தோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக் கொல்லையில் தளம் போட்டு, அதன்மேல் மேஜை போட்டு, மாட்டிறைச்சி சுட்டார்கள். பிள்ளைகள் விளையாட ஏணியும் கோட்டையும் ஊஞ்சலும் கட்டினார்கள். 1990-களில் அந்த நாட்டில் செலவான ஆர்சனிக்கில் ஏறத்தாழ 90 சதவீதம் மரத்துக்குள்தான் போனது. விலங்கு மாட்டிய குற்றவாளியும் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் கை நீட்டத்தான் செய்வான் என்பது பிறகுதான் உறைத்தது. ஊஞ்சல் கட்டையைத் தொட்ட கையைப் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள் என்பதையும் நிபுணர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். எந்தப் பாட்டியிடம் கேட்டிருந்தாலும் இலவசமாகச் சொல்லியிருப்பாள். 2003 டிசம்பர் 31-ஓடு வீட்டு உபயோகத்துக்கு அதைத் தயாரிப்பதை நிறுத்தினார்கள்.

பதிலாக வந்தவை ஆர்சனிக் இல்லாமல் செம்பை அள்ளிப் போட்ட மருந்துகள். எல்லோரும் நிம்மதியாகத் தளம் அமைத்தார்கள். அப்புறம்தான் பார்த்தார்கள், துத்தநாகப் பூச்சு மெலிதாக இருந்த சாதாரண ஆணிகளைச் செம்பு அரித்துக்கொண்டிருந்தது. கயனின் தொட்டிகள் காலியாகி நூற்றைம்பது வருஷம் ஓடியும் இந்த விஷயத்தில் யாரும் குறிப்பு எடுத்து வைக்கவில்லை போலிருக்கிறது. கெட்டிப் பூச்சு ஆணி, எவர்சில்வர் ஆணி என்று விற்றவர்களுக்கு நல்ல வருஷம்.

இதையெல்லாம் கேட்டு, எதற்கு இந்த விஷமெல்லாம், சும்மா இருந்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். நியூசிலாந்து அதையும் செய்து பார்த்தது. அந்த நாடு ரேடியாட்டா பைனை நம்பி வாழ்கிறது. கலிஃபோர்னியக் கடற்கரையில் மூன்று மூலைகளிலும் இரண்டு மெக்சிகோத் தீவுகளிலும் கோணல்மாணலாகக் கிடந்த ஏழை மரம், நியூசிலாந்தில் குடியேறியதும் இருபத்தைந்து முப்பது வருஷத்தில் வெட்டுக்குத் தயாராகிப் பணக்கார மரமாகிவிட்டது. பூச்சியும் பூஞ்சையும் விரும்பித் தின்னும் என்பதால் 1950-கள் முதல் வீட்டு மரச்சட்டங்களுக்கு வெங்காரக் கரைசல் ஏற்றினார்கள். பாட்டி வைத்தியத்தில் இருக்கிற அதே வெங்காரம். மலிவு, சாதுவான சரக்கு, நாற்பது வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு பிரச்சினையும் இல்லாத ஏற்பாட்டை எந்த அரசாங்கம் சும்மா விட்டது? 1990-களின் நடுவில் புது விதி வந்தது. சூளையில் நன்றாக உலர்த்திய பைன் என்றால் மருந்தே வேண்டாம். உலர்ந்த மரம் உளுக்காது என்பது விஞ்ஞானம். நனையக் கூடாது, அவ்வளவுதான்.

அதே சமயத்தில் நியூசிலாந்துக்காரர்களுக்கு மத்தியதரைக் கடல் பாணி வீடுகள்மேல் ஆசை வந்தது. கூரை இறவாணம் கிடையாது, ஜன்னலுக்கு மேல் நிழல் கிடையாது, சுவர் முழுக்க வழவழவென்று பூச்சு. மழையே பெய்யாத கிரேக்கத் தீவுக்குப் பொருத்தமான வீட்டை, மழை வந்தால் நிற்காத ஆக்லாந்தில் கட்டினார்கள். பூச்சில் விரல்நுனி அளவு விரிசல், ஜன்னல் மூலையில் ஒரு இடைவெளி, வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. உள்ளே மருந்து ஏற்றாத பைன். உலகத்துப் பூஞ்சைகளெல்லாம் சேர்ந்து ஒரு வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்திருந்தால்கூட இதைவிட நல்ல வரைபடம் கேட்டிருக்காது.

2002-இல் விசாரணை அறிக்கை வந்தது. 2004-இல் வீட்டு மரச்சட்டங்களுக்கு மருந்து மறுபடி கட்டாயமானது. வெங்காரம் ஏற்றியது என்று பார்த்ததும் தெரிய அந்த மரத்துக்கு இளஞ்சிவப்புச் சாயமும் சேர்த்தார்கள். இப்போது அங்கே பாதி கட்டிய வீட்டைப் பார்த்தால் பஞ்சுமிட்டாய் நிறத்தில் எலும்புக்கூடு நிற்கும். அதற்குள் கெட்டுப்போன வீடுகள் ஏறத்தாழ 42,000 என்றும், சரிசெய்ய 1,130 கோடி நியூசிலாந்து டாலர் ஆகும் என்றும் 2009-இல் ஒரு மதிப்பீடு கணக்குச் சொன்னது.

வீட்டுக்காரர்கள் வழக்குப் போடக் கிளம்பினார்கள். கட்டிக்கொடுத்த கம்பெனிகள் பலவற்றைக் காணவில்லை. ஒரு வீடு கட்டுவதற்கென்றே கம்பெனி தொடங்கி, சாவியைக் கொடுத்த கையோடு அதைக் கலைத்துவிடும் வழக்கம் அந்தத் தொழிலில் இருந்தது. உத்திரம் உளுக்க ஐந்து வருஷம் ஆகும், கம்பெனி கரைய ஐந்து மாசம் போதும். ஓடி ஒளிய முடியாமல் நின்றது வரைபடத்துக்கு அனுமதி கொடுத்து மேற்பார்வை பார்த்த நகரசபை மட்டுமே. குற்றவாளிகளில் யார் மிச்சமிருக்கிறாரோ அவர் மற்றவர் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது அன்றைக்கு அந்த ஊர்ச் சட்டம். நகரசபை கட்டியது. கட்ட முடியாமல் வரியை உயர்த்தியது. வழக்கில் ஜெயித்த வீட்டுக்காரருக்கு நஷ்ட ஈட்டுக் காசோலை ஒரு தபாலிலும், உயர்ந்த வீட்டுவரி நோட்டீஸ் அடுத்த தபாலிலும் வந்தன.